அப்பாவுக்கு ட்ராக்டர் கிடைக்காது, ஆனால் ஹந்தானை போங்கள்

வணக்கம் தம்பி. கிளிநொச்சியில் ட்ராக்டர் மெக்கானிக்காக இருந்த அப்பாவைக் கண்டிக்குக் கூட்டி வருகிறீர்கள், முழங்கால் வலி, ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் அவருக்குப் பார்க்க ஏதாவது இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

ட்ராக்டர் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் அது 1925இல் கட்டிய பழைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, 4 மாடி. கனமான இயந்திரங்கள், எஞ்சின்கள் எல்லாம் கீழ்த்தளத்திலேயே இருப்பதால் அவர் படி ஏறத் தேவையில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள் மேலே, அதை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வாங்க. அப்பாவைக் கொழுந்து கசக்கும் ரோலர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்: மேலே உள்ள உருளை தானாகச் சுழலாது, கிராங்க் பிடித்து இழுக்க வட்டமாக அசைந்து, வாடின கொழுந்தைக் கீழ்மேசையின் மேடான வரிகளில் வைத்துக் கசக்கும். அந்தக் கிராங்கைப் பார்த்தாலே அவருக்கு மீதி புரிந்துவிடும். இன்னொன்று, ஃபீல்ட் மார்ஷல் ட்ராக்டர் செய்த இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனிதான் ஒரு காலத்தில் தேயிலை இயந்திரமும் செய்தது, இதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவரைக் கிளப்புவது கஷ்டம்!

டவுனிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏற்றம், ஓட்டோ பிடியுங்கள், திரும்பி வரவும் அதையே பேசி வையுங்கள். திங்கட்கிழமை பூட்டு.

நேரமிருந்தால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் இருக்கிறது, தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்திலேயே. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், ஆனால் அங்கே எஞ்சினை எதிர்பார்க்காதீர்கள்.