பள்ளியை நிறுத்தி லீக்குக்கு அனுப்பலாமா? தங்கச்சிமடத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் மாவட்ட அணியில் நடுகள வீரராக ஆடுகிறார் என்றும், வெளிமாநிலத்துத் தனியார் பயிற்சி மையம் ஒன்று ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் கட்டணத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டே ஆண்டுகளில், அணிகள் வீரர்களை விலைக்கு எடுக்கும் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் நிறுத்திவிடுவதாகச் சொல்கிறது என்றும், அதற்காகப் பள்ளிப் படிப்பை நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பை நிறுத்த வேண்டாம். அந்த மூன்று லட்சத்தையும் கட்ட வேண்டாம். தம்பி ஹாக்கி ஆடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.

லீக் என்ற பேச்சு நம் கடற்கரை ஊர்களில் இப்போது அடிக்கடி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நம் பிள்ளைகள் காலைப் பேருந்தில் ஏறி மதுரைக்குப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவில், உலகின் பல நாட்டு இளைஞர்கள் ஆடினார்கள். முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் பயிற்சியில் இந்திய அணி அர்ஜென்டினாவை 4-2 என்ற கணக்கில் வென்று வெண்கலம் பெற்றது. அதைப் பார்த்த எந்தப் பையனுக்கும் ஆசை வரத்தான் செய்யும், வர வேண்டும். ஆனால் அந்தப் போட்டி 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது என்பதைத் தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்கள். 16 வயதில் ஒருவருக்குக் காலம் கடந்துவிட்டது என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அந்த அவசரம் பெரும்பாலும் கட்டணம் வாங்குபவருடையதாகவே இருக்கும்.

இனி லீக்கின் வரலாற்றைப் பார்ப்போம். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் என்ற பெயரில் நமக்கும் ஓர் அணி இருந்தது. 2008உடன் அந்த லீக் முடிந்தது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தது, அதில் சென்னை சீட்டாஸ் ஆடியது. ஒரே பருவத்தோடு அதுவும் நின்றுபோனது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பிறகு நிறுத்தப்பட்டு, 2024 டிசம்பர் 28ஆம் நாள்தான் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. 2017இல் பதினேழு வயதில் பள்ளியை விட்டுவிட்டு லீக்கை மட்டும் நம்பியிருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். லீக் திரும்பி வந்தபோது அவருக்கு 24 வயது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு வயது வரம்பு 25. இப்போதைய லீக் நிலைத்து நடக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் பதினைந்து ஆண்டுத் திட்டத்தை அதன் மேல் மட்டும் கட்டுவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 2024 ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றும் நான்கு கோடி ரூபாய் வரை செலவிடலாம் என்றிருந்தது. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. ஆனால் வீரர்களுக்கான அடிப்படை விலை இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என மூன்று படிகளாக இருந்தது. புதிதாக வரும் ஒரு பையன் முதல் படியில் நின்று, யாராவது கை தூக்குவார்களா என்று காத்திருக்க வேண்டியவர். ஓர் அணிக்கு 24 பேர், அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர், குறைந்தது நான்கு பேர் இந்திய ஜூனியர்கள் என்பது அந்த ஏலத்தின் விதி. அப்போது அணிகள் எட்டு. ஆகவே இந்தியா முழுவதிலும் உள்ள ஜூனியர்களுக்கு உறுதியாக ஒதுக்கப்பட்ட இடங்கள் முப்பத்திரண்டு. பஞ்சாப், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று ஹாக்கியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த முப்பத்திரண்டுக்குத்தான் நின்றார்கள். நீங்கள் இரண்டு ஆண்டுக்கு ஆறு லட்சம் கட்டி, எல்லாம் நல்லபடியாக முடிந்தால்கூட, சில வாரங்களே நடக்கும் ஒரு பருவத்துக்குத் தம்பி கையில் வாங்கக்கூடியது இரண்டு லட்சமாக இருக்கலாம். மகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கும் பெற்றோருக்கு நிலைமை இன்னும் குறுகலானது: 2025 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த முதல் மகளிர் லீக்கில் நான்கே அணிகள்.

மீன்பிடித் தடைக் காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. கோடைப் பயிற்சி முகாம்களும் சேர்க்கைப் பேச்சுகளும் அதே மாதங்களில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில் லட்சம் என்ற சொல் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். கடன் வாங்கிக் கட்டும் முடிவை அந்த அறுபத்தொரு நாட்களுக்குள் எடுக்க வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு.

ஹாக்கி வீரர் ஒருவருக்கு நம் நாட்டில் நிலையாகச் சோறு போடுவது லீக் அல்ல, வேலை. ரயில்வே, ராணுவம், காவல்துறை, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவை தங்கள் அணிகளுக்காக வீரர்களை வேலைக்கு எடுக்கின்றன. தேசிய அளவில் ஆடுபவர்களில் மிகப் பலர் இப்படி ஏதோ ஒரு துறையின் ஊழியர்கள்தான். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் கல்வித் தகுதி கேட்பார்கள் என்பதைப் பயிற்சி மையத்தார் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கடைநிலை வேலைக்குப் பத்தாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. போதும், அடுத்த படிகளான இரண்டாம், மூன்றாம் ஊதிய நிலைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், நான்காம், ஐந்தாம் நிலைகளுக்குப் பட்டம் வேண்டும். ஒரே அணியில் ஒரே திறமையோடு ஆடும் இருவரில் ஒருவர் எழுத்தராகவும் மற்றொருவர் கடைநிலை ஊழியராகவும் ஓய்வு பெறும் நிலை இப்படித்தான் வருகிறது. தம்பி இப்போது பள்ளியை விட்டால், தன் ஆட்டத்தின் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

சான்றிதழ்களின் வகையையும் கவனியுங்கள். அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றுகள் படிவ வாரியாகப் பிரிக்கப்பட்டவை: நாட்டுக்காக ஆடியதற்கு முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு இரண்டாவது, பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு நான்காவது. பள்ளியில் இல்லாதவருக்கு நான்காவது கிடைக்காது, கல்லூரியில் இல்லாதவருக்கு மூன்றாவது கிடைக்காது. அதாவது படிப்பை விடுபவர் நான்கு வாசல்களில் இரண்டைத் தானே அடைத்துவிடுகிறார். பொறியியலில் தம்பிக்கு விருப்பம் இருந்தால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியே இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளின் வீரர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே உலகக் கோப்பை ஆடியவர்கள்.

உடலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பெற்றோர் அதிகம் கேட்காததும் இதுதான். பதினாறு, பதினேழு வயதில் பையன்களின் எலும்பு நுனிகளில் வளர்ச்சி இன்னும் முடிந்திருக்காது. ஹாக்கி குனிந்தே ஆடும் ஆட்டம். அதிலும் எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பவர் இடுப்பை முறுக்கி முதுகின் கீழ்ப்பகுதி முழுவதையும் பந்துக்குப் பின்னால் கொடுக்கிறார். அளவுக்கு மீறி நாள்தோறும் அடிக்கவைத்தால் கீழ் முதுகெலும்பில் நுண்முறிவு வரும். வளரும் விளையாட்டுப் பிள்ளைகளிடம் மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம் அது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வீக்கமும் வலியும் வந்தால் 'வளரும் வலிதான், ஓடு' என்று விட்டுவிடக் கூடாது. மண் தரையில் ஆடிப் பழகியவர் திடீரென நாள் முழுவதும் செயற்கைப் புல்தரையில் ஆடத் தொடங்கும்போது பந்தின் வேகமும் மாறுகிறது, கணுக்காலும் முழங்காலும் தாங்கும் சுமையும் மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பல மாதங்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். மேலும், சர்வதேச வீரர்கள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பும் பந்தின் முன்னால் கோலைக் காக்க ஓடுவது, பள்ளி அணியில் ஆடுவதைப் போன்றதல்ல. தசை முதிர்ந்த பிறகு போவதில் எந்த இழப்பும் இல்லை. ஸ்ரீஜேஷ் பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார், 2006இல் இந்திய அணிக்கு வந்தார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது அவருக்கு 36 வயது.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. மன்தீப் சிங் 2013இல் முதல் லீக்கில் ராஞ்சி அணிக்காக 18 வயதில் ஆடி, அதே ஆண்டில் இந்திய அணிக்கு வந்தார். உலகின் சிறந்த வீரர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் சில வாரங்கள் இருப்பதே பெரிய படிப்பு. மைதானத்தில் சில நிமிடங்களே கிடைத்தாலும் அது வீணாகாது. ஆகையால் மாநில ஜூனியர் அணியில் ஆடி, தேசிய முகாமில் கண்ணில் பட்டு, பதினெட்டு வயது நிறைந்த பிறகு ஓர் அணி தம்பியைத் தானாக அழைத்தால், மகிழ்ச்சியோடு அனுப்பிவையுங்கள். அழைப்பு தேடி வருவது வேறு, அழைப்பை விலைக்கு வாங்கப் போவது வேறு. அப்போதும் ஒன்றைப் பாருங்கள்: 2024-25 பருவம் டிசம்பர் இறுதியில் தொடங்கி பிப்ரவரி 1 வரை நடந்தது, அந்தக் கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு பிப்ரவரியில், பொதுத்தேர்வு மார்ச் 3ஆம் நாள். பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் அழைப்பு வந்தால் ஓராண்டு தள்ளிப் போடச் சொல்வேன். கல்லூரி முதலாண்டில் வந்தால் தடுக்கமாட்டேன்.

பிறகு தம்பி இப்போது என்ன செய்வது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. உணவும் தங்குமிடமும் பயிற்சியும் அரசின் பொறுப்பு, பள்ளிப் படிப்பும் தொடரும். கோவில்பட்டி ஹாக்கி மையம் நமக்குத் தொலைவில் இல்லை. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் அங்கே வளர்ந்தவர்கள். இருவரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தம்பி ஏற்கெனவே பதினொன்றில் இருப்பதால், இடையில் பள்ளி மாறுவது சரியாக வருமா என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். வராது என்றால், இங்கேயே பன்னிரண்டை முடித்துவிட்டு, ஹாக்கி அணி நன்றாக உள்ள ஒரு கல்லூரியைத் தேடுவோம். முதலமைச்சர் கோப்பையையும் பள்ளி விளையாட்டுகளையும் விடாமல் ஆடட்டும். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் வீரராகத் தேர்வானால் மாதம் பத்தாயிரம் ரூபாய் கைச்செலவுக்கே கிடைக்கும். அதற்கு நீங்கள் யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்த மையத்தைப் பற்றி. அவர்கள் மறுபடி தொலைபேசியில் அழைத்தால், இதுவரை எந்த மாணவர் எந்த ஆண்டு எந்த அணிக்குப் போனார் என்று பெயரோடு கேளுங்கள். தங்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இடையில் திரும்பினால் கட்டணம் திரும்ப வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏலத்தில் இடம் உறுதி என்று எழுதித் தர ஒரு பயிற்சி மையத்துக்கு அதிகாரமே கிடையாது. பதினெட்டு நிறையாதவர் இடும் ஒப்பந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லாது என்பதால் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். எந்தத் தாளிலும் உடனே போட வேண்டாம், தாளை என்னிடம் அனுப்புங்கள். பிறந்த தேதியில் ஓராண்டு குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் வயதைச் சோதிக்கும் முறை இருக்கிறது. பிடிபட்டால் தடை விழுவது பையன் மேல்.

தம்பியையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ராமநாதபுரத்துக்கு வாருங்கள். பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இதுவரை ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றின் மூலப்படியும் நகலும் வேண்டும். முதுகிலோ முழங்காலிலோ வலி இருக்கிறதா என்று வருவதற்கு முன் தம்பியிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அணியில் இடம் போய்விடும் என்று பயந்து பிள்ளைகள் அதைப் பயிற்சியாளரிடம் சொல்வதில்லை.