அட்மின் உரிமை கொடுக்காமல் நேர மண்டலத்தை மட்டும் மாற்ற விடலாமா?

விடலாம். வெளிநாடு போகும் ஊழியர் லேப்டாப்பில் டைம் ஜோனை (நேர மண்டலத்தை) மாற்றத்தான் அனுமதி வேண்டும் என்றால், அதற்காக அட்மின் ஆக்குவது வீண் ஆபத்து.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதும் டைம் ஜோனை மாற்றுவதும் ஒரே உரிமையாக இருந்தது. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து இரண்டும் தனித்தனி உரிமைகள். காரணம் உண்டு: விண்டோஸ் உள்ளுக்குள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகிறது, டைம் ஜோன் அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. கடிகாரத்தையே திருப்பினால் கதை வேறு. டொமைன் கன்ட்ரோலருடன் (அலுவலகக் கணினிகளின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறையில் லாகின் மறுக்கப்படலாம். நிகழ்வுப் பதிவுகளின் (லாக்) நேரமும் குழம்பும். அதனால் கடிகாரத்தை மாற்றும் உரிமையை மட்டும் யாருக்கும் தாராளமாகக் கொடுக்காதீர்கள்.

சாதாரண விண்டோஸ் கணினிகளில் யூசர்ஸ் குழுவுக்கு டைம் ஜோன் உரிமை முன்பே இருக்கும். இல்லையென்றால் யாரோ பாலிசியில் எடுத்திருக்கிறார்கள். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, லோக்கல் பாலிசிஸ், அதற்குள் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் போங்கள். 'சேஞ்ச் த டைம் ஜோன்' என்பதில் யூசர்ஸ் குழுவைச் சேர்த்து, அந்த ஊழியரை ஒருமுறை வெளியேறி மீண்டும் லாகின் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்கில்) உள்ள கணினி என்றால், அங்கிருந்து கணினிகளுக்கு அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசியில் செய்யுங்கள். அங்கே வேறு மாதிரி வரையறுத்திருந்தால் இங்கே செய்தது நிற்காது.