மிலான்–சான் ரெமோ சைக்கிள் பந்தயத்தில் போஜ்ஜோ குன்றை ஏன் சேர்த்தார்கள்?

ஆரம்பத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. 1907-ல் தொடங்கிய இந்த ஒருநாள் பந்தயம் பல பத்தாண்டுகளாக இத்தாலியின் மிலானிலிருந்து, சான் ரெமோ இருக்கும் லிகூரியக் கடற்கரை வரை கிட்டத்தட்ட 300 கி.மீ. நீண்டது. அந்தக் காலத்து மோசமான சாலைகளில் பாதி வழியில் வரும் துர்கீனோ கணவாயே வீரர்களைச் சிதறடித்துவிடும். 1910-ல் அங்கே கடும் பனி. யூஜின் கிறிஸ்டோஃப் விறைத்துப்போய் ஒரு வீட்டில் ஒதுங்கினார். உடை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பி, ஜெயித்தும் விட்டார்! 1946-ல் ஃபாஸ்டோ கோப்பி 14 நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

அப்புறம் சாலைகள் மேம்பட்டன. பெருங்கூட்டமாகவே சான் ரெமோ வந்து, கடைசி நிமிட ஸ்பிரிண்டில் (முழுவேகப் பாய்ச்சலில்) முடிவு தெரிவது வழக்கமானது. அதை உடைக்கத்தான் 1960-ல் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் போஜ்ஜோ வந்தது. 1982-ல் சிப்ரெஸ்ஸா ஏற்றமும் சேர்ந்தது.

போஜ்ஜோ ஏற்றம் 4 கி.மீ. கூட இல்லை, செங்குத்தும் இல்லை. ஆனால் அத்தனை தூரம் மிதித்த கால்களுக்கு அது போதும். 1961-லேயே ரேமோன் பூலிடோர் அங்கே திடீரென வேகமெடுத்துப் பிரிந்து தனியாக வென்றார். என்னைக் கேட்டால், ஏற்றத்தைவிட வளைவுகள் நிறைந்த இறக்கம்தான் உண்மையான சோதனை. 1992-ல் முன்னால் போன மொரேனோ அர்ஜென்டினை ஷான் கெல்லி அந்த இறக்கத்தில்தான் துரத்திப் பிடித்து, ஸ்பிரிண்டில் தோற்கடித்தார்.