மொத்தக் கொலஸ்டிரால் 192 என்றால் கவலை இல்லையா?

மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 46. பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சென்ற மாதம் பரிசோதித்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, எச்.பி.ஏ.1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண்) 6.0 என்று வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் கூறி, கொழுப்புப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். மொத்தக் கொலஸ்டிரால் 192, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 238, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 108, வி.எல்.டி.எல். 48. மொத்தம் 200-க்குள் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். ஆனால் தாளில் டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும் தடித்த எழுத்தில் அச்சாகியுள்ளன. முட்டையை நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தத் தடித்த எழுத்து எண்கள் இரண்டும்தான் உங்கள் தாளில் முதலில் படிக்க வேண்டியவை. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களின் கொழுப்புப் பரிசோதனையில் நான் அடிக்கடி காண்பது இதே அமைப்புதான்: மொத்தம் வரம்புக்குள் நிற்கும், எல்.டி.எல். சற்றே கூடியிருக்கும், டிரைகிளிசரைடு ஏறியிருக்கும், எச்.டி.எல். இறங்கியிருக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடுவார் என்பதுதான் என் கவலை.

மொத்தக் கொலஸ்டிரால் என்பது ஒரு கூட்டுத்தொகை. நன்மை தரும் எச்.டி.எல்.லும், தீமை செய்யும் எல்.டி.எல்., வி.எல்.டி.எல். போன்றவையும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எச்.டி.எல். 60 உள்ள ஒருவருக்கும், 36 மட்டுமே உள்ள உங்களுக்கும் மொத்தம் 192 என்றே வரலாம். ஆனால் இருவரின் இரத்தக் குழாய்களும் சந்திக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆகவே ஒரு பேனாவை எடுத்து, தாளின் ஓரத்திலேயே 192-லிருந்து 36-ஐக் கழியுங்கள். 156 வருகிறது. எச்.டி.எல். நீங்கலான கொலஸ்டிரால் என்று இதற்குப் பெயர். இரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்டிராலும் இதில் அடங்கும். பொதுவாக இது 130-க்குள் இருப்பது நல்லது. பல பரிசோதனை நிலையங்கள் இந்த எண்ணை அச்சிடுவதில்லை என்றாலும், உங்களைப் போன்றவர்களுக்கு எல்.டி.எல்.லைவிட இதையே நான் நம்புவேன்.

அதற்குக் காரணம் உண்டு. உங்கள் தாளில் உள்ள வி.எல்.டி.எல். 48 என்பது பெரும்பாலும் அளந்து பெற்ற எண் அன்று. டிரைகிளிசரைடு 238-ஐ 5 ஆல் வகுத்து எழுதியது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் அந்த 48-ஐயும் கழித்தால் சரியாக 108 வருவதை நீங்களே சரிபார்க்கலாம். 1972-இல் வெளியான இந்தச் சூத்திரம் எளிமையானது, மலிவானது. ஆனால் டிரைகிளிசரைடு ஏற ஏற அதன் துல்லியம் குறைந்து, உண்மையில் இருப்பதைவிட எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும் போக்கு உண்டு. 400-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. மேலும், டிரைகிளிசரைடு மிகுந்தவர்களின் எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தியானவையாகவும் மாறிவிடுவதால், ஒரே அளவு கொலஸ்டிராலைச் சுமக்க அதிக எண்ணிக்கையில் துகள்கள் இரத்தத்தில் ஓடுகின்றன.

சர்க்கரையும் இந்தக் கொழுப்பும் இரண்டு தனித்தனி நோய்கள் என்று எண்ண வேண்டாம். இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேளாதபோது, வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலங்களை ஓயாமல் கல்லீரலுக்கு அனுப்புகின்றன; கல்லீரல் அவற்றையும், மிகுதியாக வந்து சேரும் மாவுச்சத்தையும் டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அந்தச் சுமை கூடும்போது எச்.டி.எல். விரைவாகக் கரைந்துபோகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்குக் கீழ் (ஆண்களுக்கு 40), இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்ற ஐந்தில் மூன்று இருந்தாலே மருத்துவர்கள் எச்சரிக்கை அடைவார்கள். உங்களுக்கு முதல் மூன்றும் இருக்கின்றன. மற்ற இரண்டையும் இந்த வாரமே அளந்துவிடுங்கள். தையல் நாடா ஒன்று போதும், தொப்புள் மட்டத்தில் மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இரத்த அழுத்தத்தை உங்கள் ஊருக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடமே பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்டதே நமக்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

இப்போது முட்டைக்கு வருவோம். டிரைகிளிசரைடு 238 ஆனதற்கு முட்டை காரணமில்லை. பெரும்பாலும் காரணம் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். கேழ்வரகுக் களி நல்லதாயிற்றே என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு என்பது உண்மை. ஆனால் அரிசி நொய் சேர்த்துக் கிண்டி, இரு கைகளாலும் உருட்டி, தட்டை நிறைக்கும்படி வைக்கப்படும் உருண்டை பெரும்பகுதி மாவுச்சத்தே. வயலில் பகல் முழுதும் உழைத்தவருக்கு அளவிட்ட உருண்டை அது. உருண்டையைப் பாதியாக்குங்கள், நொய்யைத் தவிருங்கள், விட்ட இடத்தைக் கீரைக் கடைசலாலும் கொள்ளு அல்லது அவரைக்கொட்டைக் குழம்பாலும் நிரப்புங்கள். தேநீரில் போடும் சர்க்கரையை நிறுத்துங்கள். மாம்பழப் பருவத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று துண்டுகள் போதும். மாங்கூழிலிருந்து செய்த இனிப்புப் பானங்கள் வேண்டாம். பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது எல்.டி.எல்.லை ஏற்றும், கடலை எண்ணெய் அதைவிடப் பரவாயில்லை, அதையும் அளந்தே ஊற்றுங்கள். முட்டையை வாரத்திற்கு மூன்று நான்கு என்று மீண்டும் தொடங்கலாம்.

உணவை மாற்றி, நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் பயன் உண்டா என்று ஐயம் வேண்டாம். நம் நாட்டினர் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், வாழ்க்கை முறை மாற்றம் மட்டுமே சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. டிரைகிளிசரைடு இன்னும் விரைவாகப் பலன் காட்டும். மூன்று மாதம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, காய்ச்சலோ விருந்தோ இல்லாத நாளில் மறுபடியும் பரிசோதியுங்கள். அப்போது தைராய்டு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறும். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைபாடு எச்.பி.ஏ.1சி-யைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். மாத்திரை தேவையா என்பதை அந்த இரண்டாம் தாளையும் உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலையில் பணிபுரிகிறேன், வயது 52. எச்.பி.ஏ.1சி 6.1, எல்.டி.எல். 164. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு. என் தந்தைக்கு 50 வயதில் மாரடைப்பு வந்தது. மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. கொடுத்தார். அந்த மாத்திரையால் சர்க்கரை நோய் வந்துவிடும் என்று மாமா மகன் கூறியதால் மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: தயவுசெய்து மருத்துவரைக் கேட்டு மீண்டும் தொடங்குங்கள். உங்கள் மாமா மகன் கூறியதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு விடுபட்டுவிட்டது. 91,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 13 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2010-இல் வெளியான கணக்கின்படி, 255 பேர் 4 ஆண்டுகள் ஸ்டாட்டின் (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்து வகை) உட்கொண்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அதே காலத்தில் அது தடுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதைவிடப் பலமடங்கு. அவ்வாறு சர்க்கரை வருபவரும் பெரும்பாலும் உங்களைப் போல ஏற்கெனவே விளிம்பில் நிற்பவரே என்பதால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை எச்.பி.ஏ.1சி பார்த்தால் போதுமானது. தந்தைக்கு அந்த வயதில் மாரடைப்பு, உங்களுக்கு இரத்த அழுத்தம், எல்.டி.எல். 164 என்று மூன்றும் சேர்ந்திருக்கையில், எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கவல்ல மாத்திரையை விடுவது எனக்கு அச்சம் தருகிறது. காரணமின்றித் தசைவலி கடுமையாக வந்தாலோ, சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கொழுப்புப் பரிசோதனைக்குத் தண்ணீரும் குடிக்காமல் போக வேண்டுமா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், இரத்த அழுத்த மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். மொத்தக் கொலஸ்டிராலும் எச்.டி.எல்.லும் உணவால் பெரிதாக மாறுவதில்லை. டிரைகிளிசரைடு மட்டும் சாப்பிட்டபின் ஏறும் என்பதால், சர்க்கரை விளிம்பில் இருப்பவர்கள் இரவு உணவுக்குப் பின் 10 முதல் 12 மணி நேரம் கழித்துச் செல்வது நல்லது. மது அருந்துபவர்கள் மூன்று நாட்களாவது முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். டிரைகிளிசரைடு 500 அல்லது அதற்கு மேல் வந்தால் மூன்று மாதம் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அத்தகையவருக்கு மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால், அது கணைய அழற்சியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.