சவாக்கோ சும்மா இருக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 27. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். தங்கை சொல்லி ‘கிமி நி தோதோகே’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைத் தொடங்கி, மூன்று சீசன்களையும் முடித்துவிட்டேன். “காதலைச் சொல்லவே முப்பது எபிசோடுக்கு மேல் ஆகிறதே, இந்த ஜவ்வு இழுப்பை எப்படிப் பார்க்கிறாய்?” என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். எனக்கோ அந்த மெதுவான போக்குதான் பிடித்திருக்கிறது, காரணம்தான் விளங்கவில்லை. இன்னொன்று. அலுவலகத்தில் ஒருவரை இரண்டு ஆண்டுகளாக எனக்குப் பிடித்திருக்கிறது. வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தத் தொடரைப் பார்த்தபின், அவசரம் வேண்டாம், நேரம் வந்தால் தானாக நடக்கும் என்று மனம் அமைதியாகிறது. நான் நினைப்பது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தோழிகளின் கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். ஷீனா கருஹோ வரைந்த மூலக் கதை, மாத இதழ் ஒன்றில் 2017 வரை தொடராக வந்து 30 தொகுதிகளில் நிறைந்தது. அனிமேயின் முதல் சீசன் 2009-இலும், இரண்டாவது 2011-இலும் ஒளிபரப்பாயின. மூன்றாவது சீசன் 2024-இல்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டு காத்திருந்து பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் ரசனையில் குறை ஏதும் இல்லை.

ஜப்பானில், ஒருவர் தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இருவரும் காதலர்கள் என்பது பொதுவான வழக்கம். அதனால் பள்ளிக் காதல் கதைகள் பெரும்பாலும் அந்த ஒரு கணத்தை நோக்கியே நகர்கின்றன. சொல்ல வாயெடுக்கும்போது யாராவது கதவைத் திறப்பார்கள், பட்டாசுச் சத்தம் கேட்கும், கதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதைத்தான் ஜவ்வு இழுப்பு என்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் தாமதம் வெளியிலிருந்து வருவதில்லை, அது கதாநாயகி சவாக்கோவின் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. நீண்ட கருங்கூந்தல், தணிந்த குரல், சிரித்தால் பிறரை நடுங்கவைக்கும் முகம். திகில் கதைப் பேயான சடாக்கோவின் பெயரையே வகுப்பில் அவளுக்குச் சூட்டிவிடுகிறார்கள். அவள் கண்ணைப் பார்த்தாலே கெடுதல் வரும் என்ற வதந்தி வேறு. காலை வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் கிடைக்காமல் வளர்ந்த பெண்ணுக்கு, ஒருவன் தன்னை விரும்பக்கூடும் என்பது எப்படித் தோன்றும்? தன்னோடு நட்புக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே அவள் முதலில் நம்ப வேண்டியிருக்கிறது.

அதனால்தான் முதல் சீசனின் முற்பகுதியில் காதலைவிட நட்பு அதிகம். புதிதாகக் கிடைத்த வகுப்புத் தோழிகளான யானோவையும் சிசுருவையும் பற்றி வதந்தி பரவும்போது, தன்னோடு சேர்ந்ததால்தான் அவர்களுக்குக் கெட்ட பெயர் என்று எண்ணிச் சவாக்கோ விலகிப்போகிறாள். பிறகு, கழிவறையில் சில மாணவிகள் அவர்களை இழிவாகப் பேசுவதைக் கேட்டதும், நடுங்கிக்கொண்டே அவர்கள் முன்னால் நின்று, பேசியதைத் திரும்பப் பெறச் சொல்கிறாள். கதாநாயகன் கசேஹயா ஓடிவந்து காப்பாற்றுவதில்லை. முழுத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தனையும் நடந்த பிறகு, கசேஹயா அவளைப் பார்த்துத் தலைகுனிந்து வெட்கப்படும் ஓர் அசைவுகூட நமக்குப் பெரிய நிகழ்ச்சியாகத் தெரிகிறது. உங்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது சீசனின் நடுப்பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது, ஒரே தவறான புரிதல் எபிசோடு எபிசோடாகத் தொடர்கிறது என்பது என் கருத்து. அங்கே மட்டும் உங்கள் தோழிகள் பக்கம் நியாயம் உண்டு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் நினைப்பது சரியில்லை, சகோதரி. மன்னிக்க வேண்டும், இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லியாக வேண்டும்.

சவாக்கோ நேரம் வரட்டும் என்று காத்திருந்தவள் அல்ல. கோடை விடுமுறைக்கு முன் நடக்கும் பேய் விளையாட்டில் தானே பேயாக நிற்க முன்வருகிறாள். தேர்வு நேரத்தில் வகுப்பினருக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். கசேஹயாவிடம், நீ செய்த உதவிக்கு நன்றி, உன்னைப் போல் ஆக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறாள். அவள் வாய்மூடி நின்ற பெரிய சந்தர்ப்பம் வாலண்டைன்ஸ் நாள். சாக்லேட் செய்து மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்தவள், கசேஹயாவுக்கென்று வைத்திருந்ததை மட்டும் கொடுக்கத் துணியவில்லை. தன்மேல் அவளுக்கு விருப்பம் இல்லை என்று அவன் எண்ணிக்கொள்கிறான். இரண்டாவது சீசனின் துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. காலம் அதைச் சரிசெய்யவில்லை. பள்ளி விழாவின்போது அவளே அவனைத் தேடிப்போய்ச் சொன்ன பிறகுதான் சரியாகிறது.

அதே தொடரில் இன்னும் இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். சிசுரு, தன் வகுப்பு நண்பன் ரியூவின் அண்ணன் தோருவைச் சிறுவயதிலிருந்தே மனத்தில் வைத்திருந்தவள். மணக்கப்போகும் பெண்ணோடு அவன் ஊருக்கு வரும்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. குருமியோ கசேஹயாவை விரும்பி, அவனிடமிருந்து சவாக்கோவைப் பிரிக்கச் சூழ்ச்சி செய்தவள். ஆனால் கடைசியில் கசேஹயாவிடம் நேராகத் தன் விருப்பத்தைச் சொல்கிறாள். அவன் மறுத்துவிடுகிறான். அழுகிறாள். கதை அவளை அத்தோடு கைவிட்டுவிடவில்லை. பின்னாளில் தயங்கி நிற்கும் சவாக்கோவைக் கடிந்து பேசும் அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறாள். மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை தரும் காதல் கதைகள் குறைவு. நீங்கள் இப்போது நிற்பது சிசுருவின் இடத்தில்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கசேஹயாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவுகூட உங்கள் அலுவலகத்து மனிதரைப் பற்றித் தெரியாது. அவருக்கு எது கோபம் தரும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஏற்கெனவே வேறு ஒருவரை விரும்புகிறாரா? பேசாமல் இருந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் விரும்பியது அவரையா, அவரைப் பற்றி நீங்களே வரைந்துகொண்ட சித்திரத்தையா என்று தெரிந்துகொள்ளப் பேச்சைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, நாளைக்கே போய்க் காதலைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலையோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தில் தொடங்குங்கள். தேநீர் இடைவேளையில், வேறு சக ஊழியர்களும் இருக்கும்போது, பார்த்த தொடரைப் பற்றியே பேசலாம். அவரும் வந்து பேசுகிறாரா, மரியாதைக்குப் பதில் சொல்லி நகர்ந்துவிடுகிறாரா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். அவர் உங்களுக்கு மேலதிகாரியாகவோ கீழே வேலை செய்பவராகவோ இருந்தால், இருவருடைய வேலைக்கும் சங்கடம் வராதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நட்பு வளர்ந்தால், சில மாதங்கள் கழித்து, அலுவலகத்துக்கு வெளியே, ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். காரணம் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அந்த நாளில் உங்கள் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.