வாசகர் கேள்வி பதில்: பால் டீக்குப் பதிலாக மணமூட்டிய கிரீன் டீ

கேள்வி: நானும் என் கணவரும் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை பால் டீ குடிப்பவர்கள். அவருக்கு இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்னபின் கிரீன் டீ வாங்கிப் பார்த்தோம். கசப்பு தாங்காமல் இருவருமே ஒதுக்கிவிட்டோம். இப்போது எலுமிச்சை, துளசி, இஞ்சி, மல்லிகை எனப் பல மணங்களில் அது கிடைக்கிறதே, வழக்கமான டீக்குப் பதிலாக அதைக் குடிக்கலாமா? மணம் சேர்ப்பதால் பலன் குறைந்துவிடுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாகக் குடிக்கலாம், சகோதரி. ஆனால் அதனால் உங்கள் வீட்டுக்குக் கிடைக்கப்போகும் பெரிய நன்மை எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டி என்று வைத்துக்கொண்டாலே, ஐந்து தம்ளருக்கு 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி, டீயின் வழியாக மட்டும் உடலுக்குள் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி உணவு உண்பவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குள், இருக்க வேண்டும். இனிப்பு, பிஸ்கட் எதையும் தொடாமலேயே உங்கள் கணவர் அந்த எல்லையை எட்டிவிடுகிறார். ஆகவே கிரீன் டீயில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதில் என்ன இல்லை என்பதே அவருக்கு முக்கியம். சர்க்கரை இல்லாமல் குடிக்க மணம் உதவுமானால், மணமூட்டிய கிரீன் டீயை நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பேன்.

நீங்கள் ஒதுக்கிய அந்தக் கசப்பில் பாதிக்கு மேல், போட்ட முறையால் வந்ததாகத்தான் இருக்கும். பால் டீக்கான தூளை நாம் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுகிறோம், அதில் இறங்கும் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்து மட்டுப்படுத்திவிடுகிறது. கிரீன் டீயோ, பறித்த கொழுந்தை நிறம் மாறுவதற்கு முன்பே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி உலர்த்தி எடுப்பது. அதிலுள்ள கேட்டசின் என்னும் துவர்ப்புப் பொருள் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. கொதிக்கும் நீரை ஊற்றி, டீ பையைத் தம்ளரிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், திரும்பி வரும்போது அது கஷாயமாகியிருக்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடாமல் நான்கைந்து நிமிடம் ஆறவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்தபின் ஊற்றுங்கள். இரண்டு, அதிகம் போனால் மூன்று நிமிடத்தில் பையை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம். கடைசித் துவர்ப்பு முழுவதும் அந்தப் பிழிசலில்தான் இறங்குகிறது.

மணம் சேர்ப்பதால் பலன் குறைவதில்லை. உலர்ந்த துளசியோ புதினாவோ இஞ்சியோ கலந்த பையில் அந்த அளவுக்குத் தேயிலை குறையும், அவ்வளவே. எலுமிச்சை ஒரு படி மேல், அதன் புளிப்பு கேட்டசின்கள் எளிதில் சிதையாமல் காக்கிறது. பொடியாக வரும் உடனடி கிரீன் டீ கலவைகளில் மட்டும் கவனம் தேவை. அவற்றில் சிலவற்றில் சர்க்கரைதான் முதல் சேர்மானமாக அச்சிடப்பட்டிருக்கும். தேன் சேர்த்தால் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

ஒரே நாளில் எல்லா டீயையும் நிறுத்திவிடாதீர்கள். காபீன் திடீரெனக் குறைந்தால் தலைவலியும் எரிச்சலும் வந்து, இரண்டாம் நாளே பழைய தம்ளரைத் தேட வைக்கும். காலை டீ அப்படியே இருக்கட்டும். பதினொரு மணி டீயையும் மாலை டீயையும் முதலில் மாற்றுங்கள். நாக்கு பழகியபின் மணமூட்டிய பாக்கெட் கட்டாயமில்லை. சாதாரண கிரீன் டீயில் நான்கு புதினா இலையையோ தட்டிய இஞ்சித் துண்டையோ போட்டு, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், செலவும் குறைவு, மணமும் அதைவிட நன்றாகவே இருக்கும்.

கேள்வி: மீன் ஏலத்துக்காக நள்ளிரவு தாண்டியதும் எழுந்து துறைமுகம் போகிறேன். ஏலம் முடிவதற்குள் மூன்று நான்கு டீ ஆகிவிடும். அதற்குப் பதிலாக எலுமிச்சை கிரீன் டீயைப் பிளாஸ்கில் போட்டு எடுத்துப்போனேன். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது, போகப்போகக் கசப்பும் ஏறுகிறது.
– வாசகர், காசிமேடு

பதில்: ஐயா, பாலில்லாத டீயின் துவர்ப்பு வெறும் வயிற்றைப் பிசையும். ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டபின் குடித்தால் பெரும்பாலும் குமட்டல் அடங்கிவிடும், அதன் பிறகும் நீடித்தால் விட்டுவிடுங்கள். பிளாஸ்கில் டீயைப் போட்டு வைக்காதீர்கள், மணிக்கணக்கில் சூட்டிலேயே நின்றால் நிறமும் சுவையும் கெட்டுவிடும். வெந்நீரை மட்டும் பிளாஸ்கில் நிரப்பி, டீ பைகளைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய நீர், ஏலம் சூடுபிடிக்கும் நேரத்துக்குள் தானாகவே ஆறிக் கிரீன் டீக்கு ஏற்ற பதத்துக்கு வந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன் டீயில் காபீன் பொதுவாகக் குறைவு என்பதால், கண் விழிக்க டீயை நம்பியிருப்பவருக்கு முதல் சில நாட்கள் அசதி தெரியும். அந்த அசதியோடு வண்டி ஓட்டும் நிலை இருந்தால், முதல் தம்ளரைப் பால் டீயாகவே, சர்க்கரையைப் பாதியாக்கி, குடியுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் அக்கா வீட்டில் குடித்தபோது பொன் நிறமாக, மணமாக இருந்த அதே பாக்கெட், என் வீட்டில் மங்கலாகவும் மேலே ஏடு போலவும் வருகிறது. பாக்கெட் போலியா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: பாக்கெட்டைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து, தம்ளரின் மேல் பளபளக்கும் ஏடாகப் படர்கிறது. மணமும் அமுங்கிப்போகிறது. கடலோரமாக உள்ள உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறியது. பால் டீயில் இந்தக் குறை பாலுக்குள் மறைந்துவிடும், கிரீன் டீயில் மறைய இடமில்லை. மெட்ரோ வாட்டரிலோ கேன் தண்ணீரிலோ ஒரு தம்ளர் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விடை கண்ணிலேயே தெரியும்.

கேள்வி: சௌகார்பேட்டையில் உதிரியாக மல்லிகை கிரீன் டீ வாங்கி, சமையலறை அலமாரியில் வைத்தேன். பத்து நாளில் கருவாட்டு வாடை வந்துவிட்டது. உதிரி நல்லதா, பாக்கெட் நல்லதா?
– வாசகி, ராயபுரம்

பதில்: தேயிலை அருகிலிருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகை டீ பிறந்ததே அந்தக் குணத்தால்தான். சீனாவின் பூச்சோ நகரத்தில் மாலையில் மொட்டாக இருக்கும் மல்லிகையைத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். இரவில் மொட்டு விரிந்து மணம் முழுவதும் இலைக்குள் இறங்கியபின் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, மறுபடியும் புதுப் பூவைக் கலக்கிறார்கள். உயர்ந்த தரத்துக்கு இதையே பல இரவுகள் செய்வார்கள். பூவின் மணத்தை அப்படி வாங்கிக்கொள்ளும் இலை, கருவாட்டையும் மீன் மசாலாவையும் வேண்டாமென்று சொல்லாது. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மசாலா அலமாரியை விட்டு வேறு அறையில் வையுங்கள்.

உதிரியில் முழு இலையைக் கண்ணால் பார்த்து வாங்கலாம், சுவையும் பெரும்பாலும் மேல். ஆனால் பெருங்காயமும் கிராம்பும் விற்கும் கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தந்தால் வாங்க வேண்டாம். பாக்கெட் என்றால், ‘ஃப்ளேவர்டு டீ’ என்ற குறிப்பும், எந்த மணம் என்பதும், அது இயற்கையானதா செயற்கையானதா என்பதும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: கிரீன் டீ குடித்தால் தொப்பை குறையுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அதனால் மட்டும் குறையாது. பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2012-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, எடைக் குறைவு மிகச் சிறியது, பொருட்படுத்தத் தக்கதன்று என்றே முடிவு செய்தது. கிரீன் டீ சாறு அடங்கிய மாத்திரைகளின் பக்கம் போகவே வேண்டாம். அவற்றிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்னும் முக்கியக் கேட்டசின் வகை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரலுக்குப் பாதிப்பு நேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்திருக்கிறார்கள். பால் டீ குமட்டுகிறது என்று, சாப்பிட்டவுடன் இஞ்சி கிரீன் டீ குடிக்கிறாள். தரலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அளவோடு தரலாம் அம்மா, ஆனால் நேரத்தை மாற்றியாக வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை, பால் டீயானாலும் கிரீன் டீயானாலும், தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் கூறுகிறது. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கச் சொல்லுங்கள், அது இரும்பு சேர உதவும். டீ, காபி எல்லாம் சேர்த்து அவள் உடலில் சேரும் காபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிரீன் டீ இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டால் அந்த எல்லைக்குள் எளிதாக அடங்கிவிடும். குமட்டலுக்கு உண்மையில் உதவுவது இஞ்சிதான். ஆகவே சாப்பாட்டையொட்டி ஏதேனும் சூடாக வேண்டுமென்று கேட்டால், தேயிலை போடாமல் இஞ்சியை மட்டும் தட்டிப்போட்ட வெந்நீரைக் கொடுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, என்னென்ன குடிக்கிறாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.