தொழில் கேள்வி பதில்: கெட்ட செய்தி முதலாளியின் காதுக்கு எட்டுகிறதா?

கேள்வி: அப்பா நடத்திவந்த பின்னலாடைத் தையல் யூனிட்டை இந்த ஆண்டு முதல் நான் கவனித்துவருகிறேன். பேச்சுத் திறமை வேண்டும், துணிச்சல் வேண்டும், தொலைநோக்கு வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். தொழிலை நடத்துகிறவருக்கு முதன்மையாக இருக்க வேண்டிய பண்பு எது?
(வாசகர் ஒருவர், திருப்பூர்)

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் இருந்தால் நல்லதுதான், மூன்றும் இருந்தும் தொழிலைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. கெட்ட செய்தி தம்மிடம் தயங்காமல் வந்து சேரும்படி நடந்துகொள்ளும் குணத்தையே நான் முதலில் வைப்பேன். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ரோலுக்கு ரோல் ஷேடு மாறுகிறது என்பது, மேசையில் துணியை விரிக்கும்போதே கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அவர் சூப்பர்வைசரிடம் சொல்வார். முதலாளி இன்று எந்த முகத்தோடு வந்திருக்கிறார் என்று சூப்பர்வைசர் பார்ப்பார். சொன்னால் தன் தலைதான் உருளும் என்று தோன்றினால் பேசாமல் இருந்துவிடுவார். துணி வெட்டுப்பட்டு, தைத்து, அயர்ன் செய்து, அட்டைப்பெட்டிக்குள் போன பிறகு ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் வந்து அதைக் கண்டுபிடிப்பார். முதல் நாளே தெரிந்திருந்தால் ரோலைத் திருப்பி அனுப்புவதோடு முடிந்திருக்கும். இப்போது மறுபடியும் துணி, மறுபடியும் தையல், கப்பலில் போயிருக்க வேண்டிய சரக்குக்கு விமானக் கட்டணம் என்று அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் கரைந்துவிடும்.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். 2006-இல் போயிங் நிறுவனத்திலிருந்து ஆலன் முல்லாலி ஃபோர்டுக்குத் தலைமை நிர்வாகியாக வந்தார். விமானம் செய்தவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற முணுமுணுப்பு இருந்தது. வியாழக்கிழமை தோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடி, தத்தம் பணிகளின் நிலையை வண்ணத்தால் குறித்துக் காட்ட வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார்: ஒழுங்காக நடந்தால் பச்சை, சந்தேகமானால் மஞ்சள், சிக்கலானால் சிவப்பு. தொடக்க வாரங்களில் வந்த அட்டவணைகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. நிறுவனமோ அந்த ஆண்டில் 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டது. இத்தனை நட்டத்தை வைத்துக்கொண்டு சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முல்லாலி கேட்டார். அதன் பிறகு, அமெரிக்கக் கண்டப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு கூட்டத்தில் சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான எட்ஜ் என்னும் புதிய காரின் பின்கதவில் ஒரு கோளாறு இருந்ததால், அதை ஆலையிலிருந்து வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்திருந்தார். அறை அமைதியாயிற்று; ஃபீல்ட்ஸின் கதை முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முல்லாலி கைதட்டினார். பிறகு, இதில் யார் உதவ முடியும் என்று மட்டும் கேட்டார். உதவ முன்வந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் சிவப்பும் மஞ்சளும் தலைகாட்டின. அந்த ஃபீல்ட்ஸே 2014-இல் முல்லாலிக்கு அடுத்த தலைமை நிர்வாகியானார்.

ஃபோர்டு மீண்டதற்குக் கைதட்டல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. 2006-இன் இறுதியில் ஆலைகளையும் நீல நிற வணிகச் சின்னத்தையும்கூட அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டி வைத்திருந்ததால்தான், 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவால் நீதிமன்றத்தின் படியேறியபோது ஃபோர்டு ஏறவேண்டியிருக்கவில்லை. ஆனால் கையிலிருக்கும் பணத்தை எந்த ஓட்டையை அடைக்கச் செலவிடுவது என்பது, ஓட்டை எங்கே என்று தெரிந்தவருக்குத்தானே விளங்கும்?

உங்கள் யூனிட்டுக்கு வண்ண அட்டவணை தேவையில்லை. காலையில் கட்டிங், தையல், செக்கிங் என்று ஒரு சுற்று வரும்போது, ‘எல்லாம் சரியா?’ என்று கேட்காதீர்கள். அதற்குச் ‘சரிங்க’ என்ற பதில் மட்டுமே வரும். ‘இன்றைக்கு எது நிற்கிறது?’ என்று கேளுங்கள். யாராவது ஒரு குறையைச் சொன்னால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ‘யார் செய்தது?’ என்பதாக இருக்கக் கூடாது. எந்த லாட், எத்தனை ரோல், வெட்டியாயிற்றா என்பதாக இருக்கட்டும். அப்பா காலத்து ஆட்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசச் சில மாதங்கள் ஆகும். சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் வாய்திறப்பார்கள்.

கேள்வி: மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். கண்டிப்பு இல்லாவிட்டால் ஏறி மிதித்துவிடுவார்கள் என்கிறார் என் மேலதிகாரி. தன்மையாக நடந்துகொள்வது பலவீனமா?
(வாசகி ஒருவர், கோயம்புத்தூர்)

பதில்: கண்டிப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதை எங்கே காட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 1987-இல் தலைமை ஏற்ற பால் ஓ'நீல், முதலீட்டாளர்களிடம் ஆற்றிய முதல் உரையில் லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றியே பேசினார். எங்கே யாருக்குக் காயம் பட்டாலும் 24 மணி நேரத்துக்குள் பிரிவின் தலைவர் தமக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வைத்தார். இந்த விதியின் சூட்சுமம் கவனிக்கத்தக்கது. பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் பேச வேண்டுமானால் ஆலை மேலாளர் அதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மேலாளருக்கு ஃபோர்மேனும், ஃபோர்மேனுக்குத் தொழிலாளியும் உடனுக்குடன் சொல்லியிருக்க வேண்டும். காயத்துக்காகத் திறந்த அந்த வழியில் உற்பத்திக் குறைகளும் யோசனைகளும்கூட மேலே வரத் தொடங்கின.

அவர் வந்த சில மாதங்களில் அரிசோனா ஆலையில் இளம் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தபோது, அது தம் தலைமையின் தோல்வி என்று ஓ'நீல் அதிகாரிகள் முன்னிலையில் சொன்னார். அதே மனிதர், மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அறிந்ததும், வருமானத்தைப் பெருக்கித் தந்த மூத்த நிர்வாகியை வேலையிலிருந்து நீக்கினார். அந்தச் செய்தி அவருக்கு எட்டியதே பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து கேட்ட கேள்வியால்தான்.

ஆகவே, வார்ப்பில் விரிசல் விழுந்துவிட்டது என்று வந்து சொல்கிறவரிடம் தன்மையாக இருங்கள்; விரிசலை மறைத்து டெஸ்டிங்குக்குத் தள்ளிவிட்டவரிடம் கண்டிப்பைக் காட்டுங்கள். பெண் அதிகாரி என்பதாலேயே இரண்டு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் உங்களுக்கு வரும். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: தலைவர் சரியாக இருந்தால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்களே, நாங்கள் வேலை பார்த்த ஃபோர்டு ஆலை ஏன் மூடப்பட்டது?
(முன்னாள் ஊழியர் ஒருவர், மறைமலை நகர்)

பதில்: நியாயமான கேள்வி. திருப்பூர் வாசகருக்கு எழுதிய பதிலில் நான் புகழ்ந்த அதே முல்லாலியின் காலத்தில்தான், 2011-இல், குஜராத்தின் சனந்த் நகரில் 100 கோடி டாலர் செலவில் இரண்டாவது ஆலை அமைக்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது. உங்கள் ஆலையின் கொள்ளளவே நிரம்பாத நிலையில் 2015-இல் அந்த ஆலையும் திறக்கப்பட்டது. சிறிய கார்களுக்கான நம் சந்தையில் மாருதியும் ஹூண்டாயும் ஆழமாக வேரூன்றியிருந்தன. விற்பனை எதிர்பார்த்தபடி வளரவில்லை. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. தலைவர் உண்மையைக் கேட்கப் பழகியவராக இருப்பதால் அவருடைய சந்தைக் கணிப்பும் சரியாக அமையும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்தக் கணிப்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் அதை எடுத்தவர்கள் அல்லர், நீங்கள்தான் என்பதையும் மறுக்க முடியாது.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு சிறிதாக ஒரு தொழில் தொடங்க விரும்புகிறேன். தலைமை தாங்கக் கற்றுக்கொள்ள வயது கடந்துவிட்டதா?
(வாசகர் ஒருவர், தூத்துக்குடி)

பதில்: டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகே, 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் ஏற்கெனவே வளைந்துபோயிருந்தன. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவர் செய்துதான் ஆக வேண்டும் என்றில்லாத வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அறுவை அரங்கில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயாராக வைக்கும் முறையால் மருத்துவரின் நேரம் வீணாகாமல் காக்கப்பட்டது. 1992-இல் ஆரோலேப் என்ற பிரிவு கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியதும் அதன் விலை வெகுவாக இறங்கியது. நீங்கள் தொடங்கவிருக்கும் தொழில் எதுவென்று எழுதவில்லை. எழுதுங்கள், அதில் நீங்களே செய்தாக வேண்டிய வேலை எது, பிறரிடம் விடக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்து அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.